கழுவி வந்த குப்பை

உலகத்திலேயே குப்பை சுத்தமாக இருக்கிறது என்று புகார் கொடுத்த முதல் மனிதர் கார்த்திகேசுவாகத்தான் இருக்க வேண்டும் என்று லயனலுக்குத் தோன்றியது.

"நன்றாகப் பாருங்கள் அம்மா," என்றார் கார்த்திகேசு. அவர் மேசை மேல் எட்டு பிளாஸ்டிக் போத்தல்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. "ஒரு சிப்பி ஒட்டியிருக்கிறதா? பாசி இருக்கிறதா? ஒரு சிட்டிகை சேறாவது? இதைப் போய் ஆற்று முகத்துவாரத்தில் பொறுக்கியது என்று அனுப்பியிருக்கிறார்கள்!"

கமுந்திங் தொழிற்பேட்டையில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் தர அதிகாரி அவர். கடலுக்குள் போகவிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரையோரத்திலேயே மடக்கிப் பிடித்து, பொடியாக்கி, உருக்கி, ஷாம்பு போத்தலாக வார்ப்பது அங்கே தொழில். வாங்குவது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. ஒவ்வொரு போத்தலின் முதுகிலும் ஓர் ஆமை படம் இருக்கும். 'உங்களால் நான் பிழைத்தேன்' என்று அது சிரிக்கும். ஆமையிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"எங்கேயோ பட்டணத்தில் பொறுக்கிய போத்தலுக்கு நான் ஆமை படம் போட முடியாது. அது பொய். நான் யாரிடமும் பொய் சொல்வதில்லை. என் மனைவியிடம்கூட."

"அதான் சார் முகத்துல அவ்வளவு களைப்பு," என்று லயனல் முணுமுணுத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலாதேவி அவன் காலை மிதித்தார். ஐம்பத்திரண்டு வயது. ஈப்போவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். செத்துப் போனதாகப் பணம் கேட்கப்பட்ட மூன்று பேரை, மூன்று வெவ்வேறு சந்தைகளில், மீன் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது பிடித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் தொழில். அவருடைய உதவியாளன் லயனல், அதற்கு முன் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவன். வாயால் பிழைத்தவன். இப்போதும் அதே பிழைப்புதான், சம்பளம்தான் குறைவு.

இவர்களை வரவழைத்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். புஷ்பலதா. பாகான் செராய்க்கு அப்பால், குவாலா குராவ் கரையோரத்தில் பிளாஸ்டிக் சேகரிக்கும் சென்டர் நடத்துபவள். பதினொரு பெண்கள் முழங்கால் சேற்றில் இறங்கிப் பொறுக்குகிறார்கள். அவர்கள் பொறுக்கியதை இந்தத் தொழிற்சாலை மட்டும்தான் வாங்குகிறது.

"நான்கு மணிக்கு ஷாம்பு கம்பெனியின் ஆடிட்டர் வருகிறார்," என்றார் கார்த்திகேசு. குரல் கொஞ்சம் இறங்கியது. "அதற்குள் இதைக் கலந்தது யார் என்று எனக்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லையென்றால் சென்டரையே பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் விதி."

"பதினொரு பேர்ல யாரைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்க சார்?" புஷ்பலதாவின் கண் கலங்கியது. "ஒருத்திக்குப் புருஷன் படுக்கையில. ஒருத்திக்குப் புருஷனே இல்ல. ஒருத்திக்குப் புருஷன் இருக்கான், அதுதான் இருக்கிறதுலயே பெரிய கஷ்டம். சும்மா ஒரு பேரை எழுதிக் குடுத்துட்டு நான் எப்படிலா தூங்குறது?"

கலாதேவி ஒரு போத்தலைக் கையில் எடுத்தார். "எந்த லோடுல வந்துச்சு?"

"வியாழக்கிழமை லோடில் மட்டும்."

"இன்னைக்கு வியாழன்," என்றான் லயனல், காலண்டருக்கு மரியாதை செய்கிற மாதிரி.

"நீ என்ன பாக்குற, சொல்லு."

லயனல் பார்த்தான். எல்லாம் குடிதண்ணீர் போத்தல்கள். எட்டிலும் மூடியின் நடுவே ஒரு சின்ன ஓட்டை, சூடான ஆணியால் குத்தியது போல. கழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். இழுத்தான். அது நீண்டு, திரும்ப வந்து அவன் விரலில் சுளீரென்று அடித்தது.

"ஆலாமா! போத்தல் அடிக்குதுக்கா!"

"மோந்து பாரு."

"எலுமிச்சம்பழ வாசம். பாத்திரம் கழுவுற சோப்பு."

"அதுக்கு அடியில?"

லயனல் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். "கட்டெறும்ப நசுக்குனா வருமே, அந்தக் காரம்."

"சூக்கா," என்றார் கலாதேவி திருப்தியாக. "ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட். மரம் சீவுறவங்க, மரத்துல மாட்டுன மங்குல பால் இறங்குனதும் இதை ரெண்டு பீச்சு பீச்சுவாங்க. பால் அப்படியே கட்டியாயிரும், அள்ளிக்கிட்டுப் போயிரலாம். பீச்சுறதுக்குத்தான் மூடில ஓட்டை. கழுத்துல இருக்கிறது ஒட்டுப்பால், மரத்துல சீவுன கோட்டுல காஞ்சு கெடக்குற ரப்பர். தண்ணி போத்தல்னு நெனச்சு யாரும் எடுத்துக் குடிச்சிரக் கூடாதுன்னு அடையாளத்துக்குச் சுத்தி வைப்பாங்க."

"கடலில் ஏது ரப்பர் மரம்!" என்று கார்த்திகேசு நெஞ்சைப் பிடித்தார்.

"அது போகட்டும் சார். தோட்டத்துக் குப்பை எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிச்சிரலாம். எனக்கு ஒண்ணுதான் புரியல." கலாதேவி போத்தலை வெளிச்சத்தில் திருப்பினார். "தூக்கிப் போடுற சாமானை எதுக்குச் சோப்புப் போட்டுக் கழுவுனாங்க?"

*

குவாலா குராவ் சென்டர் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, நிறையக் கொக்குகள். பதினொரு பெண்களும் நீலச் சாக்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சேதி ஏற்கனவே வந்துவிட்டது போல. யாரும் புஷ்பலதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவளை இன்னும் அழவைத்தது.

லாரி ஓட்டி பத்துமலை மட்டும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். பெயர்தான் மலை, ஆள் மீன் தூண்டில் கம்பு போல இருந்தான். முப்பத்து மூன்று வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். பத்தடி தூரத்திலேயே மல்லிகை செண்டு மணத்தது.

"அண்ணே, குப்பை அள்ளவா இவ்வளவு செண்டு?" என்றான் லயனல்.

"வேர்வை நாத்தம் தம்பி."

"தினமுமா?"

"வியாழக்கிழமை கொஞ்சம் கூட."

லாரி பச்சை நிறம். பக்கவாட்டில் அலை, மீன், அதன் மேல் ஆள் உயர எழுத்தில் 'சுங்கை பெர்சே, லாவுட் பெர்சே' என்று மலாய்மொழியில் எழுதியிருந்தது. ஆறு சுத்தம், கடல் சுத்தம். சென்டரின் பெயர் கதவின் கீழ் மூலையில் கடுகு போல இருந்தது. பார்த்தால் அரசாங்க லாரி மாதிரி தெரிய வேண்டும் என்று புஷ்பலதாவே எழுதச் சொன்னாளாம். போலீஸ் ரோட்டில் நிறுத்தினால் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார்களாம்.

கலாதேவி லாரியைச் சுற்றி வந்தார். பின்னால் பலகை இடுக்கிலிருந்து எதையோ நெம்பி எடுத்து லயனலின் உள்ளங்கையில் வைத்தார். பளபளப்பாக, பழுப்பில் புள்ளி போட்ட மூன்று கொட்டைகள்.

"ரப்பர் கொட்டை! பள்ளிக்கூடத்துல சிமெண்டுத் தரையில பரபரன்னு தேய்ச்சு, பக்கத்துல உள்ளவன் தொடையில சூடு வைப்போமே!"

"நீ வெச்சியா, வாங்குனியா?"

"என் முகத்தைப் பார்த்தா தெரியலையாக்கா?"

"முன்னால போய்ப் பாரு."

லாரியின் முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் கெட்டியாகப் பூசியிருந்தது. கண்ணாடித் துடைப்பானில் வாடிய சாமந்தி மாலையின் நூல் சிக்கியிருந்தது. ஆயுத பூஜைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஆறு காலிச் சாக்குகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"நேரா கமுந்திங்தானே போறீங்க பத்துமலை?" என்று கலாதேவி சாதாரணமாகக் கேட்டார்.

"நேரா... நேராத்தான் அக்கா. வேற எங்க? நேராத்தான்."

ஒரு 'நேரா' போதுமான இடத்தில் மூன்று வந்து விழுந்தது.

லயனல் கலாதேவியைக் கொட்டகை ஓரமாக இழுத்தான். "அக்கா, கேஸ் முடிஞ்சிருச்சு. இவன் புஷ்பலதாவை ஒருதலையா லவ் பண்றான். லோடு கொறைஞ்சா அவங்க கஷ்டப்படுவாங்கன்னு தோட்டத்துல போத்தல் பொறுக்கிச் சேர்க்கிறான். செண்டு, சட்டை, எல்லாம் சரியா வருது. நான் போய் ரெண்டு பேருக்கும் ஆசீர்வாதம் பண்ணவா?"

"புஷ்பலதா எங்க இருக்கா?"

"இங்க."

"லாரி எங்க போகுது?"

"அங்க..."

"செண்டு போட்டுக்கிட்டு எவனாவது காதலிய விட்டுட்டு எதிர்த்திசையில போவானாடா?"

லயனல் ஆசீர்வாதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டான்.

புஷ்பலதாவைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு, லயனலின் 'கஞ்சில்' என்கிற பழைய குட்டிக் கார் லாரிக்கு இருநூறு அடி பின்னால் கிளம்பியது. வழியெல்லாம் புஷ்பலதா தனக்குத் தானே பேசிக்கொண்டு வந்தாள். "வியாழக்கிழமை லோடு மட்டும் அங்க எடை கூடக் காட்டும்க்கா. என் தராசு பழசுலான்னு விட்டுட்டேன். என்னைத்தான் செருப்பால அடிக்கணும்."

"அடிக்கலாம், நாலு மணிக்கு அப்புறம்," என்றார் கலாதேவி, கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்தபடி. கடலைக்குப் பேர்போன புந்தோங்கில் பிறந்தவர். கடலை வாயில் இல்லாமல் அவருக்கு மூளை ஓடாது.

செமாங்கோல் தாண்டியதும் லாரி இடப்பக்கம் சிக்னல் போட்டது. போட்டுவிட்டுச் செம்மண் பாதையில் திரும்பியது.

"நேராவாம்," என்றான் லயனல்.

*

ஒரு காலத்தில் அது ஹோல்பர்ன் எஸ்டேட். வெள்ளைக்காரன் போய் எழுபது வருடம் ஆகிறது. தமிழர்கள் வாயில் அது அப்போதே ஓலப்பன் தோட்டம் ஆகிவிட்டது. இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. நடுவில் இருபது ஏக்கர் பால் மரமும், அதைப் பங்குக்குச் சீவுகிற பதினான்கு குடும்பங்களும் மட்டும் மிச்சம்.

லாரி வீடுகளுக்கு முன்னால் நின்றபோது லயனல் காரை ஒரு பனை மறைவில் நிறுத்தினான். மறைவு தேவையே இருக்கவில்லை. யாரும் காரைப் பார்க்கவில்லை. எல்லாரும் லாரியைப் பார்த்தார்கள்.

வாசலில் போத்தல்கள் கழுவித் துடைத்து, பெரிது சிறிது பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. கல்யாண வீட்டில் சீர்வரிசை வைப்பது போல. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் தேநீரோடு லாரிக் கதவருகே போய் நின்றார்.

"எறங்குங்க மாப்ள. வெயில்ல வந்திருக்கீங்க."

மாப்ள! லயனலின் தாடை தொங்கியது. கலாதேவி ஏற்கனவே காரை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். "யாரு? ஒய்பி ஆபீஸ்ல இருந்தா வாறீங்க?"

சட்டமன்ற உறுப்பினரை அந்த ஊரில் எல்லாரும் ஒய்பி என்றுதான் சொல்வார்கள். கலாதேவி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "லாரி எல்லாம் ஒழுங்கா வருதாம்மா?" என்று மட்டும் கேட்டார். இருபது வருட அனுபவம்.

முத்தம்மா என்கிற அந்த அம்மாளுக்கு வேறென்ன வேண்டும்? கொட்டித் தீர்த்தார். "ஆறு வருசமா கத்தினோம் தாயி, தோட்டத்துக்கு ஒரு குப்பை லாரி வேணும்னு. தோட்டத்தை வாங்குன கம்பெனி, எங்கக்கிட்ட லாரி இல்லன்னு லெட்டர் போட்டான். போன தேர்தல்ல ஒய்பி வந்தாரு, அனுப்புறேன்னு சத்தியம் பண்ணாரு. எவனாச்சும் நம்புவானா? ஆனா மூணு மாசத்துக்கு முன்னால இந்த லாரி வந்து நின்னுச்சு பாருங்க! எனக்குக் கண்ணே தளும்பிருச்சு. தேங்காய் ஒடைச்சோம், சந்தனம் பூசினோம், மாலை போட்டோம். அப்புறம் ஒய்பியைக் கோயிலுக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துனோம்."

"அவரு என்ன சொன்னாரு?" என்றான் லயனல் அடக்க முடியாமல்.

"இது என் கடமைம்மான்னு சொல்லிட்டு வாங்கிக்கிட்டாரு."

புஷ்பலதாவுக்கு இருமல் வந்தது. கலாதேவி குனிந்து ஒரு போத்தலை எடுத்தார். ஈரம்கூடக் காயவில்லை.

"ஏம்மா, குப்பையைப் போய்க் கழுவித் தர்றீங்க?"

முத்தம்மா அவரை ஒரு விவரம் கெட்டவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எங்க வீட்டு மாப்ள கையால தூக்குற சாமானாச்சே! நாத்தமாவா குடுப்பாங்க? போன மாசந்தான் என் மக ஷர்மினிக்கு இவரோட தட்டு மாத்துனோம். அரசாங்க வேலை. பென்சன் உண்டு."

லயனல் லாரியின் மறுபக்கம் போனான். பத்துமலை டயருக்கும் சேற்றுத் தகட்டுக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒல்லி உடம்பு. கிட்டத்தட்ட முடிந்திருக்கும்.

"அண்ணே. அரசாங்கமே. வெளிய வாங்க."

"சத்தியமா நான் பொய் சொல்லல தம்பி!" அவன் அழாத குறையாகக் கிசுகிசுத்தான். "ரேடியேட்டர் கொதிச்சிருச்சு, தண்ணி கேக்கத்தான் உள்ள வந்தேன். தண்ணி ஊத்தி மூடியப் போட்டுட்டு நிமிர்ந்து பாக்குறேன், லாரி ரொம்பிருச்சு! கழுத்துல மாலை வேற. எப்படி எறக்குறது?"

"போத்தல் மட்டுந்தான் எடுப்பேன்னு வேற சொல்லியிருக்கீங்க?"

"ஆமா. மத்தக் குப்பை எப்பன்னு கேட்டாங்க. அடுத்த கட்டத்துலன்னேன். அரசாங்கம்னா அப்படித்தானேன்னு சந்தோசமா ஒத்துக்கிட்டாங்க."

"சரி, பென்சன்?"

"அன்னைக்கு வாயில வடை இருந்துச்சு. பென்சன் உண்டான்னு கேட்டாங்க. வடை நல்லாருக்குன்னு தலைய ஆட்டுனேன்." அவன் லாரி இடுக்கு வழியாக வீட்டுப் பக்கம் பார்த்தான். "மொத நாள் தண்ணி கொண்டாந்து குடுத்தது ஷர்மினி தம்பி. அப்புறம் எனக்கு எதையும் மறுத்துப் பேச வாய் வரல."

லயனலுக்கு முதல் தடவையாக ஒரு கிண்டலும் தோன்றவில்லை. கலாதேவி பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மணி ஒன்றரை. புஷ்பலதா இடிந்துபோய்க் கார் மேல் சாய்ந்துவிட்டாள்.

"பேரு கெடைச்சிருச்சு," என்றாள் மெதுவாக. "பத்துமலை. அவன் என் சென்டர் ஆளு. சென்டர் ஆளுதான் கலந்தான்னு ஆகும். ரெண்டும் ஒண்ணுதான்க்கா. பதினொரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

கலாதேவி, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளின் பின்னால் நடந்தார். மற்றவர்களும் போனார்கள். அங்கே ஒரு சாக்கடை. பத்துமலையின் 'அடுத்த கட்டம்' முழுவதும் அதில் மிதந்தது: ஷாம்பு பாக்கெட், ரொட்டிப் பை, நெகிழி வாளி, ஒற்றைச் செருப்பு. சாக்கடை ஓடையில் விழுந்தது. ஓடை போகும் திசையில் கலாதேவி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த ஓடை எங்கம்மா போய்ச் சேருது?"

"குராவ் ஆத்துல," என்றார் முத்தம்மா.

கலாதேவி போனை எடுத்துக் கார்த்திகேசுவைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வைத்தார். "சார், பொய் சொல்லாத ஆளுன்னு சொன்னீங்க. அதனால கேக்குறேன். ஒரு போத்தலுக்கு ஆமை படம் போடணும்னா அது எங்க கெடந்திருக்கணும்? விதியில உள்ளபடி படிங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "கடற்கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள். அந்த இடத்தில் முறையாகக் குப்பை எடுக்கும் வசதி இருக்கக் கூடாது. எடுக்காவிட்டால் நீர்வழியில் போய்ச் சேரக்கூடியதாக இருக்க வேண்டும்."

"சிப்பி ஒட்டியிருக்கணும்னு இருக்கா?"

பக்கங்கள் முன்னும் பின்னும் புரண்டன. "...இல்லை."

"நான் நிக்கிற எடம் கடல்லேருந்து முப்பதுகூட இருக்காது. குப்பை லாரி கெடையாது. எங்கக்கிட்ட லாரி இல்லன்னு தோட்டத்துக் கம்பெனியே லெட்டர் போட்டிருக்கு. பின்னால ஓடை, அது நேரா குராவ் ஆத்துக்கு."

கார்த்திகேசு, தன் உடம்பிலிருந்து எதையோ பிடுங்கிக் கொடுப்பவர் போலச் சொன்னார். "அப்படியானால் அது தகுதியான இடம். ஆனால் பதிவில் இல்லையே அம்மா. அங்கே குடியிருக்கும் ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும், இந்த இடத்துக்குக் குப்பை லாரி வருவதில்லை என்று. பழைய வியாழக்கிழமைகளையும் நான் திருத்த வேண்டும். ஆடிட்டர் கண்டுபிடிக்கும் முன் நாமே சொன்னால் அது திருத்தம். பிறகு சொன்னால் மோசடி. சீக்கிரம்."

புஷ்பலதா முத்தம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒரு கையெழுத்து. எங்க பதினொரு பேர் வேலை அதுல இருக்கு. இங்க குப்பை லாரி வராதுன்னு மட்டும் எழுதிக் குடுங்க."

முத்தம்மா கையை உருவிக்கொண்டார். "அதெப்படி வராது? வருதே! வியாழன் தவறாம வருது! எங்க மாப்ளதான ஓட்டிட்டு வாறாரு!"

லயனல் வானத்தைப் பார்த்தான். கலாதேவிகூட இதைச் சொல்லத் தயாராக இல்லை என்பது அவர் கடலை மெல்வதை நிறுத்தியதில் தெரிந்தது. இந்தக் குப்பையின் கதை ஒரே ஒரு வாயிலிருந்துதான் வர வேண்டும்.

பத்துமலை முன்னால் வந்தான். இஸ்திரிச் சட்டையில் டயர் கறை.

"அத்தை. நான் அரசாங்கம் இல்ல. இது இவங்க சென்டர் லாரி. அன்னைக்கு நான் தண்ணி கேக்க வந்தேன். அவ்வளவுதான். பென்சனும் கெடையாது. ஒய்பியை நான் பார்த்ததுகூட இல்ல."

முத்தம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் அவர் பார்த்தது லாரியை. பிறகு கழுவி வைத்த போத்தல்களை. மூன்று மாதம் எத்தனை வாளித் தண்ணீர், எவ்வளவு சோப்பு என்று கணக்குப் போடுகிறார் போல இருந்தது.

"ஷர்மினி!" என்று கூப்பிட்டார். "இங்க வா. இவன் என்ன சொல்றான் கேளு."

பாலர் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்திருந்த ஷர்மினி கதவோரத்திலேயேதான் நின்றிருந்தாள். இருபத்தேழு வயது. நெற்றியில் சாக்பீஸ் தூள்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"லாரிக் கதவுல கீழ சின்னதா எழுதியிருக்கு, தனியார் சென்டர்னு. மொத நாளே படிச்சேன்."

"அடிப்பாவி! ஏண்டி சொல்லல?"

"சொன்னா போத்தலை யாரு எடுப்பா?"

பத்துமலையின் முகம், தண்ணீர் ஊற்றாத ரேடியேட்டர் மாதிரி ஆனது. ஷர்மினி அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"மொத மாசம் போத்தலுக்காகத்தான் சொல்லல," என்றாள். மற்ற இரண்டு மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேனா எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

எழுதியது ஷர்மினி. கையெழுத்துப் போட்டது முத்தம்மா. போடுமுன் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'இத்தோட்டத்துக்குக் குப்பை லாரி வருவதில்லை' என்ற வரி வந்தபோது மூக்கை உறிஞ்சினார். பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழியப் பார்த்தது. லயனல் அதைக் கம்பெனிக் கடிதத்தோடு சேர்த்துப் படம் எடுத்துக் கார்த்திகேசுவுக்கு அனுப்பினான்.

புஷ்பலதா சென்டருக்குப் போன் போட்டு, "கலந்தது ஒங்கள்ல யாரும் இல்லடி, யாருமே இல்ல, எல்லாரும் நாளைக்கு வேலைக்கு வந்துருங்க," என்று சொல்லிவிட்டுக் கார் பானெட்டில் தலையைக் கவிழ்த்து அழுதாள். மறுமுனையில் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேசியது வெளியே கேட்டது.

முத்தம்மா பத்துமலை பக்கம் திரும்பினார். "தட்டு மாத்துனது அரசாங்க லாரி டிரைவரோட. ஒன்னோட இல்ல. வெளங்குதா?"

"வெளங்குது அத்தை."

"அத்தைன்னு இப்ப யாரு கூப்பிடச் சொன்னா? ஞாயித்துக்கெழமை ஒங்கம்மாவக் கூட்டிட்டு வந்து, இருக்கிறத இருக்கிறபடி சொல்லிப் புதுசா பொண்ணு கேளு. குடுக்குறேனா இல்லையான்னு அப்பப் பாப்போம்."

"வாரேன் அத்... வாரேங்க."

அப்போது லயனலின் போன் அதிர்ந்தது. கார்த்திகேசு. லயனல் சத்தமாக வாசித்தான். "கடிதம் கிடைத்தது. குவாலா குராவ் பதிவில் இருக்கும். தோட்டத்தை இரண்டாவது இடமாகச் சேர்க்க ஆடிட்டர் அம்மையார் நேரில் வருகிறார். நான்கு மணிக்குத் தொழிற்சாலைக்குப் பதில் நேராக அங்கேயே வந்துவிடுவோம். இடம் எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்க வேண்டுமாம்."

"வெள்ளைக்காரம்மாவா?" என்றார் முத்தம்மா.

"அப்படித்தான் நினைக்கிறேன்."

முத்தம்மா வீட்டுக்குள் போனார். வெளியே வரும்போது கையில் துடைப்பம் இருந்தது. "ஏய், எல்லாரும் வாங்க! விருந்தாளி வாராங்க!" பதினான்கு கதவும் திறந்தன. பதினான்கு துடைப்பங்கள் வெளியே வந்தன. யாரோ ஒருவர் மண்வெட்டியோடு சாக்கடையை நோக்கி ஓடினார்.

"ஐயோ, கூட்டாதீங்க!" கலாதேவி அலறியதை லயனல் அன்றுதான் முதல் தடவை கேட்டான். "அந்தக் குப்பை கெடந்தாத்தான் பதிவு கெடைக்கும்! ஒரு பையக்கூட எடுக்காதீங்க!"

"வர்றவங்க முன்னால குப்பையப் பரப்பி வைக்க நாங்க என்ன மானங்கெட்ட சனமா?" முத்தம்மா நிற்கவில்லை.

"லயனல்! சாக்கடைய மறிச்சு நில்லு! ஒத்தைச் செருப்புகூடப் போகக் கூடாது!"

இத்தனை வருட வாழ்க்கையில் குப்பைக்குக் காவல் நிற்க வேண்டி வரும் என்று லயனல் நினைத்ததில்லை. இரண்டு கையையும் விரித்துச் சாக்கடையின் குறுக்கே நின்றான். ஒரு பக்கம் முத்தம்மா துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு வந்தார். மறுபக்கம் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே மதிப்பெண் சேர்க்க நினைத்த பத்துமலை, சட்டைக் கையை மடித்துக்கொண்டு எல்லாரையும் விட வேகமாகக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ரெண்டு பக்கமும் தாக்குறாங்க! நான் ஒரே ஆளு!"

அவனைத் தாண்டி ஷர்மினி ஓடினாள். பத்துமலையின் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பிச் சொன்னாள்:

"எங்கம்மாவ நீங்க பிடிங்கண்ணே. இவர நான் பிடிச்சுக்கிறேன்."